'மா' என்றால் என்ன? ஓரெழுத்துச் சொல் ஒன்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதட்டை மூடித் திறந்தால் 'மா' வந்துவிடுகிறது. இந்த ஓசை தமிழில் ஒரு மரம், தெலுங்கில் 'எங்கள்', இத்தாலியத்தில் 'ஆனால்', ஹங்கேரியத்தில் 'இன்று', தாய் மொழியில் 'வா'. சொற்களின் பிறப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தச் சொல்லை நான் இழுத்துவருவேன். உடனே சில கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன்.

தமிழில் மட்டும் 'மா'வுக்கு எத்தனை பொருள் இருக்கிறது?

மாமரம், விலங்கு, குதிரை, யானை, பெரிய, அரைத்த பொடி, திருமகள், இருபதில் ஒரு பங்கு, ஒரு நில அளவு. நிகண்டுகளைப் புரட்டினால் கருமை, அழகு, வண்டு என்று பட்டியல் இன்னும் நீளும். பொடி என்னும் பொருளில் தமிழகத்தில் இப்போது 'மாவு' என்கிறோம். இலங்கைத் தமிழர் இன்றும் 'அரிசி மா', 'கோதுமை மா' என்றே சொல்கிறார்கள்.

இப்படி ஓர் எழுத்தே சொல்லாக நிற்பதை நம் இலக்கணம் ஓரெழுத்தொருமொழி என்கிறது. நன்னூல் 42 சொற்களைக் கணக்குக் காட்டுகிறது. அதில் மகர வரிசைக்கு மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. உயிரெழுத்துகளிலும் ஆறு உண்டு. நெடில்களை மட்டும் எண்ணினால் வேறு எந்த மெய்யின் வரிசையிலும் இத்தனை இல்லை.

இவையெல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறு சொற்களா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். அகராதியில் ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே சொல் பல பொருளைச் சுமக்கிறது என்று தோன்றும். உண்மையில் சில ஒரே சொல்லின் கிளைகள்; சில வேறு வேறு இடத்தில் பிறந்து ஓசையில் மட்டும் ஒன்றாகிப் போனவை.

விலங்கு, குதிரை, யானை மூன்றும் ஒரே சொல்தான். பொதுவாக விலங்கைக் குறித்தது, அடைமொழி சேர்ந்து சிறப்புப் பெயராகிறது: பரிமா என்றால் குதிரை, கைம்மா என்றால் யானை, அரிமா என்றால் சிங்கம். இடம் தெளிவாக இருந்தால் அடைமொழி இல்லாமலே 'மா' என்று குதிரையைச் சொல்லிவிடுவார்கள். பின்னமும் நில அளவும் அப்படியே. இருபதில் ஒன்று ஒரு மா. பத்தில் ஒன்று இருமா. ஐந்தில் ஒன்று நாலுமா. நில அளவில் 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஆக நிலத்தின் 'மா' என்பது வேலியில் இருபதில் ஒரு பங்கு. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

திருமகளைக் குறிக்கும் 'மா' வடமொழியிலிருந்து வந்தது. மாதவன் என்ற பெயரை 'மா'வின் கணவன் என்று மரபாகப் பிரித்துச் சொல்வார்கள். மாமரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மாமரமும் விலங்கும் வேறு வேறு என்பது தொல்காப்பியருக்கே ஒரு சிக்கலாக இருந்திருக்கிறது. சொற்கள் புணரும் விதத்தைச் சொல்லும்போது அவர் 'மாமரக் கிளவியும் ஆவும் மாவும்' என்கிறார். வெறும் 'மா' என்றால் விலங்கு. மரத்தைச் சொல்ல வேண்டுமானால் 'மாமரக் கிளவி' என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் நின்று, 'நான் சொல்வது இந்த மா' என்று பிரித்துக்காட்டியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மாநகரம், மாநாடு என்பதில் உள்ள 'மா', 'மகா'வின் சுருக்கமா?

இதில் இரு கட்சி உண்டு. தமிழிலேயே உள்ள உரிச்சொல் என்பது ஒன்று, வடமொழி 'மகா'வோடு தொடர்புடையது என்பது மற்றொன்று. ஓசையும் பொருளும் நெருக்கம் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் நிலை.

ஆனால் 'மகா'வின் குடும்பம் நன்றாகவே தெரிந்தது. கிரேக்கத்தின் 'மெகஸ்', லத்தீனின் 'மாக்னுஸ்' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். மூன்றுக்கும் பொருள் 'பெரிய'. நாம் இன்று 'மெகா' என்று விளம்பரங்களில் படிப்பது அந்தக் கிரேக்கச் சொல்தான்.

அதே வேரிலிருந்து லத்தீனில் 'மாகிஸ்' என்று ஒரு சொல் வந்தது. பொருள் 'அதிகமாக, அதைவிட'. 'இதைவிட அது' என்று ஒன்றைத் தள்ளி இன்னொன்றை முன்வைக்க அதைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, 'இது அல்ல, ஆனால் அது' என்ற பொருள் ஏறிவிட்டது. நாளடைவில் சொல்லும் தேய்ந்தது. இன்று இத்தாலியத்தில் 'ஆனால்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'மா' அந்த மாகிஸின் மிச்சம். அதாவது இத்தாலியர் 'ஆனால்' என்று இழுக்கும்போது வாயில் வருவது நம் 'மகா'வின் ஒன்றுவிட்ட தம்பி. கேட்டால் யாருக்கும் தோன்றாது.

சீனத்தில் 'மா'வுக்கு நான்கு பொருள் என்கிறார்களே?

நான்கு பொருள் கொண்ட ஒரே சொல் என்று அதைச் சொல்லக் கூடாது. நான்கும் தனித்தனிச் சொற்கள். நாம் ம, மா என்று குறிலையும் நெடிலையும் பிரிப்பதுபோல அவர்கள் குரலின் ஏற்ற இறக்கத்தால் பிரிக்கிறார்கள். மாண்டரின் சீனத்தில் குரலை உயரத்தில் சமமாக வைத்தால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். தாழ்த்தி மேலே கொண்டுவந்தால் குதிரை. மேலிருந்து வெட்டி இறக்கினால் 'திட்டு'. சீனரின் காதுக்கு இவை நமக்குக் கல், கால் போலத் தெளிவாக வேறானவை.

ஐந்தாவதாக, அழுத்தமே இல்லாமல் வாக்கிய முடிவில் ஒட்டும் ஒரு 'மா' உண்டு. அது கேள்விக் குறிப்பு. 'நீ ஹாவ் மா?' என்றால் 'நலமா?'. பாருங்கள், இரண்டு மொழியிலும் கேள்வி 'மா' என்றே முடிகிறது! ஆனால் நம் 'நலமா'வில் ம் என்பது நலம் என்ற சொல்லுக்கு உரியது. கேள்வி வெறும் 'ஆ'வில்தான் இருக்கிறது. சீனத்து 'மா' பழைய எதிர்மறைச் சொல் ஒன்றிலிருந்து தேய்ந்து வந்தது என்பது பொதுவான கருத்து. 'நலமா, இல்லையா' என்று கேட்டதில் 'இல்லையா' சுருங்கி ஒட்டிக்கொண்டதுபோல வைத்துக்கொள்ளலாம்.

சீனத்திலும் 'மா' குதிரை, தமிழிலும் 'மா' குதிரை. தொடர்பு இருக்குமோ?

மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆதாரம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இன்றைய சீன ஒலிப்பை வைத்து ஒப்பிடக் கூடாது. ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கும் பழைய சீனத்தில் அந்தச் சொல் 'ம்ர' என்று ரகரத்தோடு இருந்தது. தமிழ்ச் சொல்லில் அந்த ரகரத்தின் தடம் இல்லை. மேலும் நம் 'மா' முதலில் எல்லா விலங்குக்கும் பொது. 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்று தொல்காப்பியம் சொல்லும்போது குதிரையைத் தனியாகச் சொல்லவில்லை. பின்னோக்கிப் போகப் போக ஓசையும் விலகுகிறது, பொருளும் விலகுகிறது. உறவுள்ள சொற்கள் பொதுவாகப் பின்னோக்கிப் போனால் நெருங்கிவரும்.

தாய் மொழியில் குதிரையைக் குறிக்கும் 'மா' வேறு கதை. அது பழைய சீனத்திலிருந்து போனது என்றே மொழியியலார் கொள்கிறார்கள். அங்கேயும் தொனிதான் எல்லாம்: ஒரு தொனியில் 'மா' என்றால் வா, இன்னொன்றில் குதிரை, மற்றொன்றில் நாய்.

வியட்நாமிய மொழியில்?

ஆறு தொனி, ஆறு சொல். பேய், அம்மா (தெற்கில்), ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. நாற்றுக்கும் கல்லறைக்கும் இடையே குரலின் ஒரு நெளிவுதான் வித்தியாசம். இங்கேயும் ஒரு 'மா'வுக்கு 'ஆனால்' என்று பொருள் இருப்பதைக் கவனியுங்கள். இத்தாலியத்துக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. முழுத் தற்செயல்.

உலகம் முழுக்க 'மா' என்றால் அம்மாதானே? அப்படியானால் எல்லா மொழிக்கும் ஒரே தாய்மொழி என்று ஆகாதா?

ஆகாது. காரணம் குழந்தையின் வாயில் இருக்கிறது. 'மாமா', 'பாப்பா' போன்ற சொற்கள் ஏன் எங்கும் உள்ளன என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். பால் குடிக்கும் குழந்தையின் உதடு மூடியிருக்கும். அப்போது மூக்கு வழியாக வரக்கூடிய முனகல் ம். வாயைத் திறந்தால் ஆ. பசித்தாலும் அதே முனகல்தான். யார் ஓடி வருகிறார்களோ அவர்கள் அந்த ஓசையைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மொழியிலும், தலைமுறை தலைமுறையாக, இந்தச் சொல் புதிதாகப் பிறக்க வழியிருக்கிறது. ஆகவே அம்மாவைக் குறிக்கும் சொற்களை மொழி உறவுக்குச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. நான் எழுதும் எல்லாவற்றிலும் இதை வலியுறுத்துவேன்.

எங்கும் அம்மாதான் என்பதும் சரியில்லை. ஜார்ஜிய மொழியில் 'மமா' என்றால் அப்பா, அம்மா 'தேதா'. சிங்களத்தில் 'மம' என்றால் நான். சமஸ்கிருதத்தில் 'மம' என்றால் என்னுடைய. 'மமதை' நமக்கு வந்தது அங்கிருந்துதான். தமிழில் 'மாமா' யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தெலுங்கு 'மா'வும் பாரசீக 'மா'வும் ஒன்றா?

பாரசீகத்தில் 'மா' என்றால் நாம். தெலுங்கில் 'மா' என்றால் எங்கள்; 'மா இல்லு' எங்கள் வீடு. கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல 'மன' என்று வேறு சொல். நாங்கள், நாம் என்று நாம் பிரிப்பதுபோலவே. பாரசீக மொழி இப்படிப் பிரிப்பதில்லை. இரண்டும் தொடர்பில்லாதவை.

தெலுங்கு 'மா'வின் உண்மையான உறவு நம் வீட்டிலேயே இருக்கிறது: 'எம்'. எம் வீடு, எம் மக்கள் என்கிறோமே, அந்த 'எம்'. தெலுங்கில் சொல்லின் முதல் உயிர் பின்னால் நகர்ந்துவிடும் பழக்கம் உண்டு. நம் அவன் அங்கே 'வாடு'. உரல் அங்கே 'ரோலு'. அதே வழியில் போனதுதான் இதுவும். ஓசை ஒன்றாக இருக்கும் பாரசீகம் அயலார். ஓசை மாறிப்போன தமிழ் 'எம்' கூடப்பிறந்தது. காது சொல்வதை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நாம் தினமும் சொல்லும் சொற்களில் வேறு மொழியின் 'மா' ஒளிந்திருக்கிறதா?

இருக்கிறது. 'மேடம்' என்கிறோம். பிரெஞ்சில் 'மா' என்றால் 'என்', பெண்பாற் சொல்லுக்கு முன் வருவது. 'மா தாம்' என்றால் 'என் சீமாட்டி'. லத்தீனின் 'மேயா' தேய்ந்து இந்த 'மா' ஆனது. ஆகவே அலுவலகத்தில் யாரையாவது மேடம் என்று கூப்பிடும்போது 'என்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறோம்.

'மாஷா அல்லாஹ்' என்பதில் உள்ளது அரபு 'மா'. அந்த இடத்தில் 'எது' என்று பொருள்: இறைவன் நாடியது எதுவோ அது. எபிரேயத்திலும் 'மா' என்றால் என்ன. இந்த இரண்டும் உண்மையான உறவு. இரண்டும் செமிட்டிக் குடும்பம். அரபியிலேயே இன்னொரு 'மா' எதிர்மறை: 'மா கதப' என்றால் அவன் எழுதவில்லை.

கீதையில் 'மா பலேஷு' என்று வருகிறதே, அது 'பெரிய பலன்' என்பதா?

இல்லை. 'கர்மண்யேவாதிகாரஸ்தே மா பலேஷு கதாசன' என்ற 2ஆம் அத்தியாயத்து 47ஆம் சுலோகத்தில் 'மா' என்பது விலக்கு. வேண்டாம், கூடாது என்று பொருள். பலன்களில் ஒருபோதும் கூடாது. பழைய கிரேக்கத்தில் இதே வேலையைச் செய்யும் 'மே' இதன் உடன்பிறப்பு. அரபு எதிர்மறைக்கும் இதற்கும் உறவில்லை. 'பெரிய' என்று எடுத்துக்கொண்டால் வரியின் பொருளே தலைகீழாகிவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஜப்பானிய மொழியில் 'மா' என்றால் இடைவெளி என்கிறார்களே?

ஆம். இரண்டு பொருளுக்கு நடுவில், இரண்டு ஓசைக்கு நடுவில் உள்ள வெறுமை. கட்டடக் கலையிலும் இசையிலும் அவர்கள் பெரிதாக மதிக்கும் சொல். ஜப்பானியத்துக்கே உரியது.

எனக்குப் பிடித்தது அங்கே உள்ள இன்னொரு 'மா'. 'அகுமா' என்றால் தீய ஆவி. 'அகு' தீமை, 'மா' ஆவி. இந்த 'மா' சீனத்திலிருந்து போனது. சீனத்துக்கு அது பௌத்த நூல்களோடு போனது: புத்தரைக் கலைக்க வந்த மாரன் பெயரை எழுதவே சீனர் ஓர் எழுத்தை உருவாக்கிக்கொண்டார்கள். மாரன் என்ற பெயரின் வேர் இறப்பைக் குறிப்பது. மரணம் அதே வேர். அதாவது ஜப்பானியர் சொல்லும் அந்த 'மா'வுக்குள் நாம் சொல்லும் 'மரணம்' இருக்கிறது. அதே சீன எழுத்தை வியட்நாமியர் 'மா' என்றுதான் படிக்கிறார்கள்.

வேறு மொழிகளில்?

ஃபின்னியத்தில் 'மா' நிலம், நாடு. எஸ்தோனியத்திலும் நீட்டிச் சொன்னால் நிலம், குறுக்கிச் சொன்னால் நான். சுவாஹிலியில் 'ம' பன்மை முன்னொட்டு: 'துண்டா' ஒரு பழம், 'மதுண்டா' பழங்கள்.

இத்தனை இடத்தில் ஒரே ஓசை எப்படித் தற்செயலாக வர முடியும்?

வராமல் இருந்தால்தான் வியப்பு. ஒரு மொழியில் 20 மெய்யும் 5 உயிரும் இருப்பதாக வையுங்கள். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த அசை 100தான் கிடைக்கும். உலகில் சுமார் 7,000 மொழிகள். ம், ஆ இரண்டும் ஏறக்குறைய எல்லா மொழியிலும் இருக்கின்றன. (மோஹாக் போன்ற சில வட அமெரிக்க மொழிகளில் உதடு மூடும் ஒலியே கிடையாது; அங்கே ம் இல்லை, 'மா'வும் இல்லை.)

அப்புறம், ஒரு மொழியில் எந்தச் சொல் குட்டையாக இருக்கும்? ஓயாமல் பயன்படுகிற சொல். ஆனால், என்ன, என், இல்லை போன்றவை வாயில் புரண்டு புரண்டு தேய்ந்துவிடும். மாகிஸ் 'மா' ஆனதும் மேயா 'மா' ஆனதும் இப்படித்தான். நூறு சின்னப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான மொழிகள் தங்கள் தேய்ந்த சொற்களைப் போட்டால், ஒரே பெட்டியில் பல விழத்தான் செய்யும். குட்டைச் சொல்லுக்குத்தான் இது என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், 'குடக' என்ற பழஞ்சொல் தேய்ந்து அப்படி ஆனது.

சரி, உறவா தற்செயலா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒரு சொல்லை மட்டும் வைத்து முடியாது. வரிசையாகப் பொருந்த வேண்டும். நம் பால், பல், பாம்பு கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹாவு. நமக்குச் சொல்லின் முதலில் பகரம் வரும் இடத்தில் பெரும்பாலும் அவர்களுக்கு ஹகரம். ஒன்று என்றால் தற்செயல் எனலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் உறவு. 'மகா', 'மெகஸ்' ஒன்று என்பதும் அப்படியே: சமஸ்கிருத ஹகரம் இருக்கும் இடத்தில் கிரேக்கமும் லத்தீனும் ககரம் காட்டுகின்றன. 'அஹம்' அங்கே 'எகோ'. அகம்பாவம், ஈகோ என்று நாம் இரண்டையும் சொல்கிறோம், வேர் ஒன்று.

அடுத்தது, கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தைத் தேட வேண்டும். தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் நல்ல தொடக்கம். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓசை ஒற்றுமையை மட்டும் காட்டி 'இந்த மொழிக்கு அதுதான் தாய்' என்று வரும் பட்டியல்களைப் பார்த்தால், முதல் சொல்லை எடுத்து இந்த அகராதிகளில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நம் 'மா' எங்காவது போயிருக்கிறதா?

போயிருக்கிறது, வெகுதூரம். மா மரத்தின் காய் தமிழில் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. 1498க்குப் பின் கேரளக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் அதை 'மங்கா' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலம் 'மேங்கோ' ஆக்கியது. கிழக்கே மலாயில் அது 'மங்கா'. சீனத்தில் 'மாங்குவோ', அதன் பின்பாதியை எழுத அவர்கள் எடுத்துக்கொண்டது பழத்தைக் குறிக்கும் 'குவோ' என்ற எழுத்து. நாம் 'காய்' என்று அனுப்பிய பாதி அங்கே போய்ப் பழமாகிவிட்டது.